ஸ்கேன் எடுத்த பின் சில நாள்கள் காத்திருப்பது ஏன்?

தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற வருவோருக்கு முதலில் முகமூடி அணிவித்து, திட்டமிடலுக்கான சி.டி. ஸ்கேன் எடுக்கிறோம். அதன்பின் சிகிச்சை தொடங்கச் சில நாள்கள் ஆகும். "அதற்குள் நோய் வளர்ந்துவிடாதா?" என்று குடும்பத்தார் கவலையுடன் கேட்பது இயல்பே. அந்நாள்களில் நடைபெறும் பணியை இங்கே விளக்குகிறோம்.

ஸ்கேன், உடலை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கே வெட்டிப் பார்த்தாற்போன்ற நூற்றுக்கணக்கான படங்களைத் தருகிறது. கணினிக்கு அவை வெறும் கறுப்பு வெள்ளைச் சாயல்களே. எது கட்டி, எது சுரப்பி, எது நரம்பு என்பதை நாங்கள் அதற்குக் காட்ட வேண்டும். ஆகவே, மென்பொருளில் ஒவ்வோர் உறுப்பின் ஓரத்தையும் வரைந்து, தனி நிறமும் பெயரும் இடுகிறோம்.

சில படங்களில் மட்டும் வரைந்தால், இடைப்பட்டவற்றை மென்பொருளே நிரப்பும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் தண்டுவடம், தாடையெலும்பு, கண் போன்றவற்றைச் சில நிமிடங்களில் வரைந்து தருகின்றன. எனினும், பல்லில் உள்ள உலோகம் படத்தைக் கலைக்கும்போதும், கட்டி அருகிலுள்ள உறுப்பை நகர்த்தியிருக்கும்போதும் அவை பிழைபடக்கூடும். ஆதலால் ஒவ்வொரு கோட்டையும் மருத்துவர் சரிபார்த்துத் திருத்துகிறார். கட்டியின் எல்லையை, நேரில் பரிசோதித்ததையும் எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் படங்களையும் ஒப்பிட்டு அவரே வரையறுக்கிறார்.

கதிர்கள் செல்லும் வழியை இக்கோடுகளைக் கொண்டே திட்டமிடுகிறோம். கட்டியை அழிக்கப் பெரும்பாலும் 66 முதல் 70 கிரே வரை தேவைப்படும். தண்டுவடத்திற்கோ 45 முதல் 50 கிரேக்கு மேல் செல்லாமல் காக்க வேண்டும். காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் சராசரியாக 26 கிரேக்கு மேல் பெற்றால், வாய் நெடுங்காலம் வறண்டுபோகும் வாய்ப்பு மிகுதி. கட்டியின் எல்லை குறுகிவிட்டால் நோய் எஞ்சக்கூடும். அகன்றுவிட்டால் நல்ல உறுப்பு பாதிப்படையும். இந்தக் கவனத்திற்கே அந்தச் சில நாள்கள்.

இப்பணியில் உங்கள் பங்கும் உண்டு. பழைய ஸ்கேன் படங்களையும் திசு ஆய்வு அறிக்கையையும் தவறாமல் கொண்டு வாருங்கள். முன்னர் கதிர்வீச்சுப் பெற்றிருந்தால் முதலிலேயே தெரிவியுங்கள். சிகிச்சைக் காலத்தில் எடை குறைந்தாலோ முகமூடி தளர்ந்தாலோ உடனே சொல்லுங்கள். உடலின் வடிவம் மாறியிருப்பின் மீண்டும் ஸ்கேன் எடுத்துக் கோடுகளைப் புதிதாக வரைய நேரலாம். ஐயம் எதுவாயினும் கேளுங்கள். உங்கள் படங்களைத் திரையில் காட்டி விளக்கக் காத்திருக்கிறோம்.