கோடைக்கால உலர்தீவனமும் அதன் தரமறிதலும்

கொங்கு நாட்டில் காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களிலே கொறங்காடு என்னும் மானாவாரி மேய்ச்சல் நிலங்கள் உண்டு. கிளுவை வேலியிட்ட அந்நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லே முக்கியமான தீவனமாகும். தை மாதத்திற்குப்பின் அது காய்ந்துவிடுவதால், கோடை மழை பெய்யும் வரையில் மாடுகள் போரிலுள்ள தீவனத்தையே பெரிதும் நம்பியிருக்கின்றன. போரின் உயரத்தைக் கண்டு திருப்தியடையும் குடியானவர்கள் பலர் அதன் தரத்தைக் கவனிப்பதில்லை. சங்கத்துக் கடனில் வாங்கிய கறவைமாடு கோடையில் மெலிந்து பால் வற்றினாலும், கடன் தவணை நிற்பதில்லை. ஆகவே, தீவனத்தின் தரமறிதல் வரவு செலவு சம்பந்தமான விஷயமுமாகும்.

தரம் பெரும்பாலும் அறுக்கும் பருவத்தைப் பொறுத்தது. பூக்கத் தொடங்குகையில் அறுத்த புல்லில் புரதம் மிகுந்திருக்கும். விதை முற்றியபின் அறுத்ததில் நார் மிகுந்து சத்துக் குறையும். பசுமை நிறம், இலை மிகுதி, மெல்லிய தண்டு, இனிய மணம் ஆகிய நான்கும் நல்ல உலர்புல்லின் அடையாளங்கள். வெளிறிய நிறம் வெயிலிலோ மழையிலோ நெடுநாள் கிடந்ததைக் காட்டும். புழுங்கிய நாற்றம் வீசுமாயின் பூஞ்சணம் பிடித்திருக்கும். அதை மாடுகளுக்கு இடலாகாது.

போர் போடுமுன் ஈரத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் பாதியளவு நறுக்கிய புல்லையும் ஒரு கரண்டி காய்ந்த தூளுப்பையும் இட்டு மூடி, இரண்டு நிமிஷம் குலுக்குக. உப்பு கட்டிபட்டால் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் ஈரம் உள்ளதென அறிக. அத்தகைய புல்லைப் போராக அடுக்கினால் உள்ளே சூடேறிக் கெடும். சில சமயம் தானே தீப்பற்றவும் கூடும்.

புரதத்தின் அளவை அறியக் கண்ணும் மூக்கும் போதா. போரின் உட்புறத்தில் பல இடங்களிலிருந்து பிடிப்பிடியாக எடுத்துக் கலந்து, காற்றுப் புகாத பையிலிட்டுத் தீவனப் பரிசோதனைக் கூடத்திற்கு அனுப்புதல் வேண்டும். நாமக்கல்லில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கூடம் ஒன்று இருக்கிறது.

மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் நாரைச் செவ்வனே செரிப்பிக்க, தீவனத்தில் நூற்றுக்கு 7 பங்கேனும் புரதம் வேண்டும். நெல் வைக்கோலிலோ ஏறத்தாழ 4 பங்கே உண்டு. வைக்கோலை மாத்திரம் வயிறாரத் தின்ற மாடும் இளைப்பதற்குக் காரணம் இதுவே. சோதனையில் குறைவு கண்டால் நிலக்கடலைக் கொடி, அகத்தித் தழை, பிண்ணாக்கு ஆகியவற்றில் கிடைப்பதைச் சேர்த்திடுக. தரமுள்ளதெனக் கண்டால் பிண்ணாக்குச் செலவைச் சுருக்கலாம். நல்ல போரைக் கறவைக்கும் சினைக்கும் கன்றுக்கும் ஒதுக்கி, மற்றதை வேலையில்லாத மாடுகளுக்கு இடுவதே சிக்கனமான முறையாகும்.