மால்ட் உடைக்கும் ஆலை (வீட்டுப் பியர் தயாரிப்பு)

மால்ட் உடைக்கும் ஆலை என்பது பியர் தயாரிப்பதற்காக முளைகட்டி உலர்த்தப்பட்ட பார்லியை (வாற்கோதுமையை) உடைத்துத் தரும் கருவி ஆகும். பெரிய மதுவடிப்பாலைகளில் இது நான்கு அல்லது ஆறு உருளைகள் கொண்ட பேரியந்திரமாக இருக்கும். அமெரிக்கா, பிரித்தானியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் வீட்டிலேயே பியர் வடிப்போர் பயன்படுத்துவது, ஒரு வாளியின் மேல் வைக்கத்தக்க சிறிய கருவி. இக்கட்டுரை அச்சிறிய கருவியைத் தேர்ந்தெடுப்பதையும் பயன்படுத்துவதையும் பற்றியது.

பலரும் இதை "அரைக்கும் ஆலை" என்பர். உண்மையில் இதன் வேலை அரைப்பது அன்று, உடைப்பது. இட்லிக்கு அரிசியை மாவாக்குவதற்கும் உப்புமாவுக்குக் குருணையாக உடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துக்கொண்டால் பொருள் எளிதில் விளங்கும். மால்ட்டுக்குத் தேவை குருணைதான். அதுவும் உமி கிழியாத குருணை.

பின்னணி

பிரித்தானியாவில் 1963ஆம் ஆண்டு வரை வீட்டில் பியர் வடிக்க உரிமம் பெற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கிய பிறகும் வீட்டுப் பியர் சட்டப்படி அனுமதிக்கப்படவில்லை. 1978 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கேலன் வரையிலும், இருவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள வீடு 200 கேலன் வரையிலும் சொந்தப் பயன்பாட்டுக்கு வரியின்றித் தயாரிக்க வழிசெய்தது. எனினும் மாநிலங்களின் சட்டங்கள் தனியே இருந்தன. மிசிசிப்பி, அலபாமா ஆகிய இரு மாநிலங்கள் 2013இல்தான் இதை ஏற்றன.

தொடக்கத்தில் வீட்டில் வடிப்போர் பெரும்பாலும் டப்பாவில் வரும் மால்ட் பாகையே பயன்படுத்தினர். பாகைக் கரைத்துக் கொதிக்க வைத்தால் போதும், ஆலை தேவையில்லை. முழுத் தானியத்திலிருந்து தாமே சர்க்கரை நீர் இறக்க முற்பட்டபோதுதான் ஆலையின் தேவை எழுந்தது.

உடைப்பதன் நோக்கம்

பார்லியை நீரில் ஊறவைத்து, முளைவிட்டதும் சூடான காற்றில் உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. முளைக்கும்போது தானியத்தினுள் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதிகள் உருவாகின்றன. ஆல்ஃபா அமைலேசு, பீட்டா அமைலேசு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. உடைத்த மால்ட்டை ஏறத்தாழ 62 முதல் 70 பாகை செல்சியசு வரையிலான வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் இந்நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும். இவ்வாறு ஊறும் கலவை "மேஷ்" எனவும், அதிலிருந்து வடித்தெடுக்கும் இனிப்பு நீர் "வோர்ட்" எனவும் அழைக்கப்படுகின்றன.

முழுத் தானியத்தை அப்படியே ஊறவைத்தால் நீர் உள்ளே எளிதில் செல்லாது. உடைத்தால் நீர் படும் பரப்பு கூடுகிறது. 4 மி.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் பரப்பு 96 சதுர மி.மீ. அதையே 2 மி.மீ. பக்கமுள்ள எட்டுக் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 192 சதுர மி.மீ. ஆகிறது. பொருளின் அளவு மாறவில்லை, பரப்பு மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. அப்படியானால் முழுவதும் மாவாக்கிவிட்டால் இன்னும் நல்லதுதானே என்ற கேள்வி எழும்.

அங்கேதான் உமி குறுக்கிடுகிறது. மேஷ் தொட்டியின் அடியில் துளையிட்ட தட்டு ஒன்று இருக்கும். அத்தட்டு வடிகட்டியைத் தாங்கும் பலகை மட்டுமே. உண்மையான வடிகட்டி, அதன் மேல் படியும் உமிப் படுகைதான். உமி பெரிய துண்டுகளாக இருந்தால் படுகை தளர்வாக இருக்கும், வோர்ட் அதனூடே தெளிவாக இறங்கும். உமி கிழிந்து, மாவு மிகுந்தால் படுகை களிமண்போல் இறுகி, வடிதல் நின்றுபோகும். இவ்வாறு அடைத்துக்கொண்ட மேஷைத் திறப்பதில் பாதி நாள் போய்விடும். மேலும், தூளான உமியின் மீது மிகச் சூடான நீரைத் தொடர்ந்து ஊற்றினால், குறிப்பாக அந்நீர் காரத்தன்மை மிக்கதாக இருந்தால், துவர்ப்புப் பொருள்கள் இறங்கிப் பியரின் சுவை கெடும்.

எனவே ஆலை செய்ய வேண்டிய வேலை இரட்டை வேலை: உள்ளிருக்கும் மாவுப் பகுதியை நன்றாக உடைக்க வேண்டும், உமியை மட்டும் விட்டுவிட வேண்டும். ஸ்காட்லாந்து விஸ்கி வடிப்பாலைகளில் உடைத்த மால்ட்டில் உமி 20 விழுக்காடு, குருணை 70 விழுக்காடு, மாவு 10 விழுக்காடு என்ற விகிதத்தை வழக்கமாகக் கொள்வர். பியருக்கும் இது நல்ல வழிகாட்டியே.

இழப்பின் அளவு

பருமனாக உடைத்தால் என்ன இழப்பு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ வெளிர் மால்ட்டிலிருந்து முழுமையாகச் சத்து இறங்கினால், ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 300 அடர்த்திப் புள்ளிகள் கிடைக்கும். (தூய நீரின் ஒப்படர்த்தி 1.000. அதற்கு மேலுள்ள ஒவ்வோர் ஆயிரத்தில் ஒரு பங்கும் ஒரு புள்ளி.) வீட்டில் ஒரு முறை வடிக்கும் வழக்கமான அளவு 5 கேலன், அதாவது 19 லிட்டர். இதற்கு 5 கிலோ மால்ட் எடுப்பதாகக் கொள்வோம். 75 விழுக்காடு சத்து இறங்கினால் வோர்ட்டின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.059. உடைப்பு சரியில்லாமல் 60 விழுக்காடே இறங்கினால் 1.047. நொதித்த பின் முன்னது 6 விழுக்காட்டை ஒட்டிய ஆல்ககால் உள்ள பியராகும், பின்னது 5 விழுக்காட்டை எட்டுவதே கடினம். தானியம் ஒன்று, நீர் ஒன்று, உழைப்பும் ஒன்று. உருளைகளுக்கிடையே அரை மில்லிமீட்டரும் இல்லாத வேறுபாடு இதைத் தீர்மானிக்கக்கூடும்.

ஆலை வகைகள்

தட்டு ஆலை: இரண்டு வார்ப்பிரும்புத் தட்டுகளுக்கிடையே தானியம் நசுங்கும் கைச்சுழற்றி ஆலை. லத்தீன் அமெரிக்க வீடுகளில் மக்காச்சோளம் அரைக்கப் பயன்படும் "கொரோனா" ஆலை இதன் புகழ்பெற்ற வடிவம். விலை குறைவு. ஆனால் தட்டுகள் தானியத்தைத் தேய்த்துக் கிழிக்கும் இயல்புடையவை. இடைவெளியைப் பொறுமையாகச் சரிசெய்தால் இதிலும் நல்ல பியர் வடிக்கலாம், பலர் ஆண்டுக்கணக்கில் வடித்திருக்கின்றனர். கையை ஊன்றிச் சுழற்ற வேண்டும் என்பதை மட்டும் வாங்குமுன் எண்ணிக்கொள்வது நல்லது. 5 கிலோ என்பது கைக்குச் சிறிய அளவன்று.

இரு உருளை ஆலை: இன்று மிகுதியாக விற்பனையாவது இதுவே. வரிவெட்டுப் பதித்த இரண்டு எஃகு உருளைகள் எதிரெதிர்த் திசையில் சுழல, தானியம் அவற்றின் இடையே அமுங்கி உடைகிறது. தேய்த்தல் குறைவு, அழுத்தமே மிகுதி. அதனால் உமி பெரும்பாலும் முழுமையாக வெளிவரும். பெரும்பாலான கருவிகளில் ஓர் உருளையை மட்டுமே கைப்பிடியோ மோட்டாரோ சுழற்றும். மற்றது தானியத்தின் உராய்வால் தானே சுழலும்.

மூன்று உருளை ஆலை: மேலிரண்டு உருளைகள் தானியத்தை முதலில் பிளக்கும், அடியிலுள்ள மூன்றாவது குறுகிய இடைவெளியில் மீண்டும் உடைக்கும். உடைப்பு சீராக இருக்கும். ஆனால் விலையும் கூடுதல், சுழற்றத் தேவையான விசையும் கூடுதல். மாதம் ஒருமுறை வடிப்பவருக்கு இது தேவையா என்பது ஐயமே. நன்கு சரிசெய்த இரு உருளை ஆலை அவருக்குப் போதும்.

மிக்சியும் காப்பிக்கொட்டை அரைக்கும் கருவியும் இப்பணிக்கு ஏற்றவை அல்ல. அவற்றின் அலகுகள் வெட்டுகின்றன, உமியும் குருணையும் ஒன்றாகத் தூளாகிவிடும்.

பிரித்தானிய வடிப்பாலைகளில் போர்ட்டியஸ் என்ற பெயர் பொறித்த பழைய நான்கு உருளை ஆலைகள் இன்றும் ஓடுகின்றன. அவை பழுதே அடையாததால் புதிது வாங்க ஆளின்றி அந்நிறுவனம் மூடப்பட்டது என்று வடிப்பாலைக்கு வரும் பார்வையாளர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் ஆலை தேவையா என்று பார்க்க வேண்டும். மால்ட் விற்கும் கடைகளிலேயே உடைத்துத் தருவர். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வடிப்பவருக்கு அதுவே போதும். ஆனால் கடை ஆலையின் இடைவெளி கடைக்காரர் வைத்ததுதான். ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. உடைத்த மால்ட் ஈரத்தை இழுத்துக்கொண்டு விரைவில் புதுமை இழக்கும். முழு மால்ட்டோ உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் பல மாதங்கள் கெடாது. மூட்டையாக வாங்கி வேண்டும்போது உடைத்துக்கொள்ளும் வசதியே சொந்த ஆலையின் பெரிய ஆதாயம்.

ஆலையில் முதலில் பார்க்க வேண்டியது உருளையின் விட்டம். சிறிய உருளைகள் தானியத்தைக் கவ்வி இழுக்கத் தடுமாறும். இடைவெளியைக் குறுக்கும்போது தானியம் உள்ளே போகாமல் மேலேயே வழுக்கிக்கொண்டிருக்கும். வீட்டு ஆலைகளில் 32, 38, 51 மி.மீ. விட்டமுள்ளவை கிடைக்கின்றன. பெரிய விட்டத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீணன்று.

அடுத்து, இடைவெளியை மாற்ற முடியுமா என்பது. மாற்ற இயலாத ஆலைகளும் விற்பனையில் உண்டு. அவை பார்லிக்குப் பொருந்தினாலும், பார்லியைவிடச் சிறிய கோதுமை, ரை மணிகளை உடையாமல் விட்டுவிடும். மாற்றும் திருகு இறுகப் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வில் தானே நழுவும். சாதாரண எஃகு உருளை ஈரக் காற்றில் துருப்பிடிக்கும். கடற்கரையூர்களில் இருப்போர் துருப்பிடிக்காத எஃகை நாடலாம். தானியம் கொட்டும் ஹாப்பரின் கொள்ளளவு முக்கியமானதன்று. சிறியதாக இருந்தால் இரண்டு மூன்று முறை கொட்டினால் தீர்ந்தது.

இடைவெளியைச் சரிசெய்தல்

வாங்கிய ஆலையின் இடைவெளி பெரும்பாலும் 1 மி.மீ. அளவில் வைக்கப்பட்டிருக்கும். அதைச் சரிபாராமல் பயன்படுத்துவதே புதியவர்கள் செய்யும் பெரும் பிழை. வாகனப் பட்டறைகளில் பயன்படும் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டுக் கொத்தை உருளைகளுக்கிடையே செருகி அளக்கலாம். இரு முனைகளிலும் அளக்க வேண்டும். ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருந்தால் பாதித் தானியம் முழுதாகவும் பாதி மாவாகவும் விழும். கேஜ் இல்லாதபோது வங்கி அட்டை உதவும். அதன் தடிமன் உலகெங்கும் 0.76 மி.மீ. என வரையறுக்கப்பட்டுள்ளது. அட்டை தொட்டும் தொடாமலும் நுழைந்தால் இடைவெளி சற்றுக் குறுகலான பக்கத்தில் இருக்கிறது என்று பொருள்.

பார்லி மால்ட்டுக்கு 0.8 முதல் 1.2 மி.மீ. வரை பொருத்தமானது. புதியவர் 1 மி.மீ.இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகக் குறைத்து, வடிதல் தடைப்படத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னே நிறுத்திக்கொள்ளலாம். துணிப்பையில் தானியத்தை இட்டு ஊறவைத்துப் பையோடு தூக்கிவிடும் முறையைப் பின்பற்றுவோர் இன்னும் குறுக்கலாம், அங்கே பையே வடிகட்டியாக இருப்பதால் உமிப் படுகை தேவையில்லை.

எண்ணைவிடக் கண்ணே நல்ல அளவுகோல். ஒரு கைப்பிடி உடைத்த மால்ட்டை வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்க்க வேண்டும். முழுத் தானியம் ஒன்றும் இருக்கக் கூடாது. குருணை பல அளவுகளில் இருக்கலாம். உமி மணியின் வடிவத்தை ஓரளவு காட்ட வேண்டும், அதன் உட்பக்கத்தில் மாவுக்கட்டி ஒட்டியிருக்கக் கூடாது. ஊறவைத்து முடிந்ததும் மேஷிலிருந்து சில துளி நீரைத் தட்டில் எடுத்து அயோடின் விட்டுப் பார்ப்பதும் உண்டு. பள்ளி ஆய்வகத்தில் செய்யும் அதே சோதனைதான். கருநீலம் தோன்றினால் மாவுச்சத்து இன்னும் மாறாமல் இருக்கிறது.

கோதுமைக்கு உமி இல்லை. கோதுமை மால்ட் மிகுந்த பியர் வகைகளில் வடிதல் அடைத்துக்கொள்வதைத் தவிர்க்க, மேஷில் நெல் உமியைக் கழுவிச் சேர்ப்பது வழக்கம். அதற்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. நம் ஊர்களில் ஆலை ஓரம் குவிந்து கிடக்கும் உமி, அமெரிக்கக் கடைகளில் பைகளில் அடைத்து விற்கப்படுகிறது. அவல் போலத் தட்டிய ஓட்ஸ், பார்லி முதலியவற்றை ஆலையில் இட வேண்டியதில்லை.

நனைத்து உடைத்தல்

உடைப்பதற்குப் பத்து நிமிடம் முன்னதாக மால்ட்டின் மேல் சிறிது நீர் தெளித்துக் கிளறிவிடுவது எளிய, பயனுள்ள உத்தி. எடையில் 2 விழுக்காடு நீர் போதும், 5 கிலோவுக்கு 100 மி.லி. உமி மட்டும் ஈரம் உறிஞ்சித் தோல்போல் இளகும், உள்ளிருக்கும் மாவுப் பகுதி உலர்வாகவே இருக்கும். இதனால் இடைவெளியைக் குறைத்தாலும் உமி கிழியாது, தூசியும் குறையும். நீர் கூடிவிட்டால் உருளைகளில் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். முடிந்தபின் ஒரு பிடி உலர்ந்த மால்ட்டை ஓடவிட்டால் உருளை துப்புரவாகும்.

இயக்குதலும் பாதுகாப்பும்

கைப்பிடியைக் கழற்றிவிட்டு டிரில் கருவியைப் பொருத்துவது பரவலான வழக்கம். வேகம் நிமிடத்துக்கு 150 முதல் 250 சுற்றுகளுக்குள் இருக்க வேண்டும். வேகம் மிகுந்தால் உமி கிழியும். டிரிலைக் குறைந்த வேகப் பல்லிணையில் வைக்க வேண்டும். சுவரில் துளையிடும் சிறிய கருவிகள் இந்தச் சுமையில் சூடேறிப் புகைந்துவிடும். உருளைகளைச் சுழலவிட்ட பிறகே தானியத்தைக் கொட்ட வேண்டும். நிறைந்த ஹாப்பருடன் தொடங்கினால் உருளை சிக்கி, டிரில் கையோடு திருகிக்கொள்ளக்கூடும். ஆலையை வாளியின் மேலோ பலகையின் மேலோ அசையாமல் பூட்டுவதும் இதன் பொருட்டே.

ஓடும் உருளைகளின் அருகே விரலைக் கொண்டுபோகக் கூடாது. கல்லோ ஆணியோ சிக்கினால் மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகே எடுக்க வேண்டும். தளர்ந்த உடையும் அவிழ்ந்த கூந்தலும் ஆகா. தானியத் தூசி மூச்சுக்குத் தீங்கு, எனவே முகக்கவசம் அணிவது நன்று. பெரிய ஆலைகளில் காற்றில் மிதக்கும் தூசி ஒரு பொறியில் வெடிக்கவும் கூடும் என்பதால், உருளைக்கு முன்னே காந்தம் வைத்து இரும்புத் துண்டுகளைப் பிரித்தெடுப்பர்.

தூசியால் வேறொரு சிக்கலும் உண்டு. மால்ட்டின் மேற்பரப்பில் லாக்டோபேசில்லசு பாக்டீரியா இயல்பாகவே வாழ்கிறது. உடைக்கும்போது எழும் தூசி, ஆறிய வோர்ட்டில் படிந்தால் பியர் புளித்துவிடும். ஆகவே நொதிக்கலன் இருக்கும் அறையில் ஆலையை இயக்குவதில்லை. வீட்டு முற்றம், வண்டிக் கொட்டகை போன்ற இடங்களே உகந்தவை.

பராமரிப்பு

புதிய ஆலையின் உருளைகளில் எந்திர எண்ணெய் படிந்திருக்கும். அரைக் கிலோ மலிவான தானியத்தை ஓடவிட்டு அதை எறிந்துவிட வேண்டும். பின்னர் ஒவ்வொரு முறையும் உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போதும், நீர் விட்டுக் கழுவக் கூடாது. தானே சுழலும் உருளை நின்றுபோவது நாளடைவில் வரும் பொதுவான கோளாறு. பெரும்பாலும் அதன் தாங்கியில் மாவுத் தூசி அடைத்திருப்பதே காரணம், கழற்றித் துடைத்தால் சரியாகிவிடும். அதன் பிறகும் சுழலாவிட்டால் வரிவெட்டுத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சட்ட நிலை

வீட்டுப் பியர் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஜப்பானில் 1 விழுக்காட்டுக்கும் குறைந்த ஆல்ககால் உள்ளதையே உரிமமின்றி வடிக்கலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம், வீட்டுப் பியரும் இதில் அடங்கும். ஆலையை வாங்குவதற்கோ, சிறுதானியங்களையும் முளைகட்டிய கேழ்வரகையும் அதில் உடைத்துக்கொள்வதற்கோ தடையில்லை. சிறுமணிகளுக்கு இடைவெளியை மிகவும் குறுக்க வேண்டியிருக்கும்.