வீட்டிலிருந்து கார் ஷெட்டுக்கு நெட் கேபிள்: லேன் ஒயரா, ஃபைபரா? மின்னல் அடித்தால் எது தப்பும்?

செஞ்சிப் பக்கம் வீடு ஒரு இடம், கார் ஷெட்டோ மாட்டுக் கொட்டகையோ கொஞ்சம் தள்ளி இன்னொரு இடம் என்று இருப்பது சாதாரணம். ஷெட்டில் ஒரு சிசிடிவி கேமரா மாட்டலாம் என்று பார்த்தால், தகர ஷீட்டைத் தாண்டி வைஃபை சரியாக வராது. "ஒரு லேன் ஒயரை இழுத்து விட்டுடலாம் சார்" என்பார்கள். 100 மீட்டருக்குள் என்றால் அது வேலையும் செய்யும். சிக்கல் தெரிவது இடி, மின்னல் நாளில்தான்.

லேன் ஒயரில் என்ன ஆபத்து?

அதற்குள் இருப்பது 8 செம்புக் கம்பிகள். வீட்டுக்கு ஒரு எர்த், ஷெட்டுக்கு ஒரு எர்த் என்று இருந்தால், பக்கத்தில் எங்கோ மின்னல் விழும்போது இரண்டு இடத்துத் தரையிலும் மின்னழுத்தம் ஒரே அளவில் இருக்காது. அந்த வித்தியாசத்துக்கு நடுவே நீங்கள் இழுத்த ஒயர் பாலமாகிவிடும். மின்னல் உங்கள் வீட்டு மேலேயே விழ வேண்டும் என்பதில்லை. ரவுட்டர் போகும், அதில் செருகியிருக்கும் டிவி, கம்ப்யூட்டரும் சேர்ந்து போகலாம்.

செஞ்சியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகளைப் பார்த்தாலே தெரியும், எல்லாம் கிரானைட் பாறை. காய்ந்த பாறை நிலத்தில் எர்த் சரியாகப் பிடிக்காது. அதனால் இந்த ஆபத்து இங்கே கூடத்தான் செய்யும்.

அப்போ என்ன செய்வது?

ஃபைபர் போடுங்கள். அது கண்ணாடி இழை, உள்ளே போவது வெளிச்சம். மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடுகளுக்கு இழுக்கும் ஃபைபர் ஒயர்கள் பலவற்றில் தாங்குவதற்காக ஒரு இரும்புக் கம்பி வரும். அதைப் போட்டால் பாதி நோக்கம் போச்சு. உலோகமே இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு முனையிலும் 'மீடியா கன்வெர்ட்டர்' என்ற சின்னப் பெட்டி ஒன்று தேவை. ஃபைபர் பின்கள் பச்சை, நீலம் என இரண்டு நிறத்தில் வரும். இரண்டையும் கலந்து செருகக் கூடாது. இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ஃபைபரையே வெட்டி நீட்ட முடியாது, ரவுட்டரிலிருந்துதான் புதிதாக எடுக்க வேண்டும். ஃபைபரில் கரண்ட் போகாது என்பதால் கேமராவுக்கு ஷெட்டிலேயே மின் இணைப்பு வேண்டும். அந்தக் கரண்ட் லைன் வழியாகவும் மின்னல் தாக்கம் வரலாம். எலக்ட்ரீஷியனிடம் சர்ஜ் பாதுகாப்புக் கருவியும் வைக்கச் சொல்லுங்கள்.

மேலே இழுப்பதா, புதைப்பதா?

புதைப்பதே நல்லது. மாடிக்கு மாடி தொங்கும் ஒயரை நம்ம ஊர் குரங்குகள் ஊஞ்சலாக்காமல் விடாது. ஒன்றரை அடி பள்ளம் எடுத்து, பிவிசி பைப்புக்குள் ஒயரை விடுங்கள். பாறை வந்தால் சுவரோரமாகப் பைப்பைக் கொண்டு போகலாம். கரண்ட் ஒயர் அதே பைப்பில் வேண்டாம்.

கோட்டைக்குப் பக்கத்தில் வீடா?

2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த 12 மராத்தியர் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டுமே. அதற்கு முன்பிருந்தே இது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம். அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அடுத்த 200 மீட்டரில் கட்ட அனுமதி வாங்க வேண்டும். இந்த எல்லைக்குள் உங்கள் இடம் இருந்தால், கடப்பாரையை எடுக்கும் முன் தொல்லியல் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பள்ளத்தை மூடும் முன் இன்னொரு வேலை: பைப்புக்குள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டு வையுங்கள். நாளைக்கு வேறு ஒயர் இழுக்க வேண்டி வந்தால் மறுபடி தோண்ட வேண்டாம்.