நாலு பிள்ளைகளோடு பழக வேண்டாமா?

ஞாயிறு ஆராதனை முடிந்து டீக் கோப்பையோடு நிற்கும்போது எங்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. “பாடத்தை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் பிள்ளை நாலு பிள்ளைகளோடு பழக வேண்டாமா?” சில மாமாமார் ஒரு படி மேலே போய், எங்கள் மகளை நிறுத்திப் பதின்மூன்றாம் வாய்ப்பாடு கேட்பார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் யாரும் அதைக் கேட்பதாகத் தெரியவில்லை.

எட்டு வயதில், மூன்றாம் வகுப்பு முடிந்ததும் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். ஞாயிறு இரவானால் வயிற்றுவலி. டாக்டர் பார்த்தார், பரிசோதனையில் ஒன்றுமில்லை. விடுமுறை நாட்களில் அந்த வலி வந்ததே இல்லை. அவள் தலையில் வைத்த எண்ணெயையும் சாப்பாட்டு டப்பாவையும் வகுப்பில் சிலர் கேலி செய்தது பிறகுதான் தெரிந்தது. பள்ளியோடு பேசிப் பார்த்தோம், மாற்றமில்லை. இங்கிலாந்துச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. பிள்ளைக்குத் தகுந்த முழுநேரக் கல்வியைப் பள்ளி மூலமோ வேறு வழியிலோ கொடுப்பது பெற்றோரின் கடமை என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினோம். பெயரை நீக்கி, கவுன்சிலுக்குத் தெரிவித்தார்கள். எங்களில் ஒருவர் இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ், மற்றவருக்கு வீட்டிலிருந்தே வேலை. முறைவைத்துப் பாடம் நடத்தினோம்.

பழக்கம் பற்றிய கேள்விக்கு எங்களிடம் ஆயத்தமான பதில் இருந்தது. நூலகம், நீச்சல், மியூசியம், வாரத்தில் ஐந்து நாளும் வெளியே போகிறாளே! தேவைப்பட்டால் உபாகமம் 6ஆம் அதிகாரத்தையும் துணைக்கு அழைத்துக்கொள்வோம். சபையில் பாட்டிமாரிடம் அவள் நலம் விசாரிக்கும் அழகைப் பார்த்து எல்லோரும் மெச்சினார்கள். எங்களுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஓய்வுநாள் பள்ளியின் கிறிஸ்மஸ் விருந்தில் அந்தப் பெருமை கலைந்தது. இசை நாற்காலி விளையாட்டு. இரண்டாம் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டாள். ஒரு பையன் இடித்துவிட்டு உட்கார்ந்தானாம். அவள் விதியை விளக்கத் தொடங்கினாள். யாரும் கேட்கவில்லை, பாட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டது. நேராக எங்களிடம் வந்தாள். “டீச்சர்கிட்ட சொல்லி கேமை நிறுத்தச் சொல்லுங்க.” அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

வீட்டில் அவள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறோம். விளையாட்டில் தெரிந்தே தோற்கிறோம். பாட்டிமார் கொஞ்சுகிறார்கள். பெரியவர்கள் எல்லோரும் அவளுக்காக வளைந்துகொடுக்கிறோம். இன்னொரு ஒன்பது வயதுப் பிள்ளை ஏன் வளைய வேண்டும்? அன்றிரவு, அந்த வாரம் அவள் சந்தித்த பிள்ளைகளை ஒரு தாளில் எழுதினோம். இருபதுக்கு மேல் வந்தது. பாதிப் பேரின் பெயர் அவளுக்கே தெரியவில்லை. ஒரு வாரம் இவள் வராவிட்டால் “எங்கே காணோம்?” என்று தேடக்கூடிய பிள்ளை எத்தனை என்று எண்ணினோம். ஒன்றுகூட இல்லை.

கேள்வி கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

மியூசியப் பயணங்களைப் பாதியாகக் குறைத்தோம். 7 முதல் 10 வயதுச் சிறுமிகளுக்கான பிரவுனீஸ் குழுவில் சேர்த்தோம். வாராவாரம் அதே மண்டபம், அதே முகங்கள். நாங்கள் வாசலோடு திரும்பிவிடுவோம். ஞாயிறன்று ஆராதனைக்குப் பிறகு ஒரு மணி நேரம் சபை ஹாலில் தங்கினோம். அங்கேதான் ஸ்கிப்பிங் கயிற்றுக்காக அவள் வயதுச் சிறுமி ஒருத்தியோடு பெரிய சண்டை வந்தது. எங்களுக்குக் கை துறுதுறுத்தது. கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் புண் ஆறாது என்று வார்டில் சொல்லுகிற வாய்தான். ஆனாலும் சும்மா உட்கார்ந்திருப்பது லேசாயில்லை. இரண்டு ஞாயிறு இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் ஞாயிறு ஒரே தட்டில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் பேசியது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

வீட்டில் படிக்கவைக்க நினைக்கும் பெற்றோருக்கு இன்னொன்று. எட்டாம் வகுப்பில் போடும் எச்பிவி தடுப்பூசி போன்றவை பள்ளியிலேயே நடந்துவிடும். நம் பிள்ளைக்கு நாமே உள்ளூர்த் தடுப்பூசிக் குழுவை அழைத்து நேரம் வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய காரியம், பள்ளியில் பிள்ளையின் முகம் வாடினால் கவனிக்கப் பலர் உண்டு. அம்மா அப்பாவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல வெளியே ஒரு நம்பிக்கையான பெரியவர் வேண்டும். வேலையிடத்துக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியில் இதைக் கேட்டிருந்தும், நம் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று உறைக்க வெகுநாளானது. இப்போது வாலிபர் ஐக்கியத்து அக்கா ஒருவர் சனிக்கிழமைகளில் கணக்குச் சொல்லித்தர வருகிறார். முன்னறைக் கதவு திறந்தே இருக்கும், நாங்கள் சமையலறையில் இருந்துகொள்வோம். பின்னங்களைவிடச் சிரிப்புச் சத்தம்தான் அதிகம்.

வாலிபர்களே, வீட்டில் படிக்கும் பிள்ளைகள் நம் ஹாலில் பெரியவர்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தால் விளையாட இழுத்துக்கொள்ளுங்கள். பாவம் பார்த்து விட்டுக்கொடுத்து ஆடவேண்டாம்.

அவளுக்கு இப்போது பத்து வயது. வரும் செப்டம்பரில் ஏழாம் வகுப்பு. தொடர்ந்து வீட்டிலேயே படித்து, தனித் தேர்வராகக் கட்டணம் கட்டி ஜிசிஎஸ்இ எழுதும் பிள்ளைகள் உண்டு. எங்கள் எண்ணமும் அதுவாகத்தான் இருந்தது. அக்டோபரில் ஒரு இரவு, ஸ்கிப்பிங் கயிற்றுச் சிநேகிதி எந்தப் பள்ளிக்குப் போகப்போகிறாள் என்று கேட்டாள். சொன்னோம். “அங்க நானும் போகவா?”

ஜெபித்தோம், இருவருமாக நிறையப் பேசினோம். கடைசி நாளான 31ஆம் தேதி இரவுதான் விண்ணப்பத்தை அனுப்பினோம். மார்ச் 1ஆம் தேதி பதில் வரும். ஞாயிறு இரவு வயிற்றுவலி திரும்பிவிடுமோ என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. அவள் கேட்டதெல்லாம், மதியத்துக்குப் புளியோதரை கொண்டுபோகலாமா என்பதுதான்.