குட்டி யானைக்கு என்ன அலங்காரம்?

புதிதாகச் சரக்கு வண்டி வாங்கிவிட்டீர்களா? சந்தோஷம்! மாலை போட்டாயிற்று. எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று.

"முன்னால் இரும்பு பம்பர் மாட்டு. அடியில் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூட்டு" என்பார்கள் நண்பர்கள்.

கொஞ்சம் பொறுங்கள்!

2005-ல் டாட்டா ஏஸ் வந்தது. ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். பாவூர்சத்திரம் காய்கறி புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போக, இத்தகைய வண்டிகளும் உதவுகின்றன.

கூடுதல் இரும்பு பம்பரை 2017-ல் மத்திய அரசு தடை செய்தது. ஏன்? மோதினால் எதிரே வருபவருக்குப் பலத்த அடி. உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து.

பட்டை கூட்டினால் வண்டி அதிகப் பாரம் தாங்கும். ஆனால் பிரேக்? அது பழைய பிரேக்தானே! புளியரை 'எஸ்' வளைவில் இறங்கும்போது உண்மை தெரியும்.

2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று வைத்தார்கள். சிறைத் தண்டனையும் உண்டு.

அப்படியானால் எதை வாங்கலாம்?

சாரலுக்கு நல்ல தார்ப்பாய். சரக்கு சரியாமல் கட்ட உறுதியான கயிறு. இருட்டில் பின்னால் வருபவருக்குத் தெரிய, ஒளிரும் பட்டை. இவை போதும்.

இன்னொன்று. சீசன் வந்ததும் பின்னால் பாய் விரித்துக் குடும்பத்தையே அருவிக்கு ஏற்றிப் போகாதீர்கள். அது குற்றம்.

மூட்டை விழுந்தால் எடுத்து வைக்கலாம். பிள்ளை விழுந்தால்?

தென்காசியிலிருந்து குற்றாலம் சுமார் 5 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் போய்க் குளித்து வாருங்கள்!