வெளிநாட்டுத் தம்பதிகள் வீட்டுக்கு வந்தால்... முதல் நாள் எதைக் காட்டுவது?

மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். அவனோடு வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவர் மனைவியுடன் சென்னைக்கு வருகிறார். "அப்பா, இரண்டு பேரும் நம் வீட்டில்தான் தங்குவார்கள். ஊரைச் சுற்றிக் காட்டுங்கள்" என்று மகன் போனில் சொல்லிவிட்டான்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இன்று பல வீடுகளில் நடக்கும் சங்கதி இது.

உடனே வீட்டில் ஒரே அமளி! கபாலி கோவில், கடற்கரை, அடையாறு ஆலமரம், பட்டுக்கடை, மகாபலிபுரம். எல்லாவற்றையும் முதல் நாளே காட்டிவிட வேண்டும் என்று ஆளுக்கு ஆள் பட்டியல் போடுகிறார்கள்.

அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது. குளிர்காலத்தில் சென்னையில் காலை 6 மணி என்றால், லண்டனில் அப்போது நள்ளிரவு 12.30 மணி. வந்தவர்களின் உடம்பு இன்னும் லண்டன் கடிகாரப்படிதான் ஓடும். அவர்களை நடுப்பகல் வெயிலில் இழுத்துக்கொண்டு அலைந்தால், பார்த்தது ஒன்றும் மனதில் நிற்காது. தலைவலிதான் நிற்கும்.

காலையில் கோவில்

முதலில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில். காலை 7 மணிக்குள் போய்விடுவது நல்லது. செருப்பை வெளியே விட்டுவிட வேண்டும். நமக்குப் பழகிய கால். அவர்களுக்கு அப்படி இல்லை. வெயில் ஏறிவிட்டால் கல்தரை அடுப்புபோல் காயும். நடுப்பகலில் நடை சாத்திவிட்டால், பிறகு மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சாமி சன்னதி இருக்கும் உள்பகுதிக்குள் இந்துக்கள் அல்லாதவர்களை விடுவதில்லை. இதை வீட்டிலேயே, காப்பி கொடுக்கும்போதே, பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் அழைத்துப் போய், பத்துப் பேர் பார்க்க ஒருவர் கையை நீட்டித் தடுத்தால், அந்த அம்மாளின் முகம் எப்படி வாடும்! "நாம் ஏதோ குற்றம் செய்துவிட்டோம்" என்றே நினைப்பார். முன்பே தெரிந்திருந்தால் அவர்களே விலகி நின்று கும்பிடுவார்கள்.

வெளியே பார்க்கவே ஏராளமாக இருக்கிறது. கிழக்குக் கோபுரத்தின் உயரம் சுமார் 120 அடி. 1906-ல் கட்டியது. உமாதேவி மயில் உருவில் சிவனைப் பூசித்த புன்னை மரத்தடியைக் காட்டலாம். அந்தக் கதையை வீட்டுப் பாட்டி சொல்ல, பேரன் ஆங்கிலத்தில் சொன்னால் போதும். வேறு வழிகாட்டி எதற்கு?

பழைய கோவில் கடலோரத்தில் இருந்தது என்றும், 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்த பிறகு அழிந்தது என்றும் சொல்வார்கள். அந்தக் கடலோரம்தான் சாந்தோம். கோவிலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்கூட இராது. ஏசுநாதரின் சீடர் தோமையாரின் கல்லறை அங்கே இருக்கிறது. அதன்மேல் இன்று நிற்கும் வெள்ளை மாதாகோவில் 1896-ல் கட்டி முடிக்கப்பட்டது.

11 மணிக்கு வீடு திரும்பிவிட வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீர், இட்லி, காரம் குறைந்த குழம்பு, தயிர்சாதம். பிறகு தூக்கம். ஆனால் 3 மணிக்கு எழுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் இரவு முழுவதும் விழித்திருப்பார்கள்!

வந்தவர்கள் தங்கினார்கள்

மாலையில் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம். எப்போதும் திறந்திருக்காது, நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. அங்குள்ள ஆலமரத்துக்கு வயது சுமார் 450 என்கிறார்கள். 1989-ல் அடித்த புயற்காற்றில் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள் தாங்கி நிற்கின்றன.

இதே அடையாற்றுக்கு 1915-ல் ஓர் அயர்லாந்துத் தம்பதி வந்தார்கள். ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட் கசின்ஸ் என்று பெயர். அன்னி பெசன்ட் அம்மையாரின் பத்திரிகையில் வேலை செய்யக் கணவர் வந்தார். கூட மனைவி வந்தார். 1917-ல் இங்கே இந்திய மாதர் சங்கம் தோன்றியபோது, அதை ஏற்படுத்தியவர்களில் மார்கரெட்டும் ஒருவர். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று பாடுபட்டார். அவர் இங்கேயே தங்கிவிட்டார். விருந்தாளி அம்மாளுக்கு இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தியாகராய நகருக்கு முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் எல்லாம் ஏரி என்று சொன்னால் நம்பமாட்டார்கள். 1920-களில்தான் அங்கே நகர் எழுந்தது. பாண்டி பஜாரில் நடக்க அகலமான நடைபாதை இருக்கிறது. ரங்கநாதன் தெரு வேண்டாம். அந்த நெரிசலில் நமக்கே மூச்சுத் திணறும்!

ஆட்டோவில் ஏறும் முன் கூலியைப் பேசிவிடுங்கள். "நல்ல பட்டுக்கடைக்கு நான் கூட்டிப் போகிறேன்" என்று யாராவது சொன்னால், அவருக்குக் கமிஷன் இருக்கலாம். வீட்டுப் பெண்கள் யாராவது கூடப் போனால் புடவை விலையில் ஏமாறமாட்டார்கள்.

இரவு 8 மணிக்கே இருவருக்கும் கண் சொருகும். படுக்கட்டும். மகாபலிபுரம் 55 கிலோமீட்டர்தான். மறுநாள் விடிந்ததும் புறப்படலாம்.