வானம்பாடி எங்கே கூடு கட்டும்?

"லண்டன்ல புறாவைத் தவிர வேற என்ன பறவை இருக்கு?" என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். எங்கள் வீடு மனோர் பார்க்கில். அங்கிருந்து அரை மணி நேரம் போல வடக்கே நடந்தால், ரோடிங் ஆற்றங்கரையில் வான்ஸ்டெட் பூங்கா வரும். வாங்க, நீங்களும் எங்களோடு நடந்து பாருங்கள்.

ஆற்றோரம் சத்தம் போடாமல் நில்லுங்கள். அசையாமல், சில நேரம் ஒற்றைக் காலில், நிற்பது சாம்பல் நாரை. தண்ணீரை ஒட்டி நீலமாக ஏதாவது 'விர்' என்று பறந்தால் அது மீன்கொத்தி. மரத்தில் கீ கீ என்று கத்துவது கிளி. ஆமாம், ஊரில் பார்க்கிற அதே பச்சைக் கிளிதான்! கூண்டில் வளர்க்கக் கொண்டுவந்த கிளிகள் வெளியே பறந்துபோய் இங்கே பெருகிவிட்டன.

திரும்பி வரும் வழியில் அலெக்சாண்ட்ரா ஏரி. அதில் கறுப்புப் பறவைகள் நீந்தும். நெற்றியைப் பாருங்கள். வெள்ளையாக, நாமம் போட்ட மாதிரி இருக்கும். அதனால்தான் தமிழில் அதற்கு நாமக்கோழி என்று பெயர். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் இதே பறவை இருக்கிறது.

ஏரியைச் சுற்றிப் பெரிய புல்வெளி. அதன் பெயர் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ். வான்ஸ்டெட்டில் ஒரு வானம்பாடி! (எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.) வானத்தில் பாடுவதால் வானம்பாடி. சின்னப் பழுப்புப் பறவை. ஆண் பறவை புல்லிலிருந்து நேரே மேலே எழும்பும். ஒரு புள்ளியாகத் தெரியும் வரை பாடிக்கொண்டே போகும். சில நிமிடங்கள்கூட நிறுத்தாமல் பாடும்.

அவ்வளவு உயரத்தில் பாடுகிற பறவை எங்கே கூடு கட்டும், தெரியுமா? மரத்தில் இல்லை. தரையில், புல்லுக்குள்ளே! குஞ்சுகள் பறக்கப் பழகும் முன்பே கூட்டை விட்டு நடந்து வந்துவிடும். நாய் ஓடினால் தாய் பயந்து எழும்பிவிடும். அடிக்கடி இப்படி நடந்தால் முட்டைகள் குளிர்ந்துபோகும். நம் காலில் மிதிபடவும் செய்யும். பிரிட்டனில் வானம்பாடிகள் மிகவும் குறைந்துவிட்டதால், அவை ஆபத்தில் உள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன.

அதனால் 2021 முதல் சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன் இந்தப் புல்வெளியின் சில பகுதிகளுக்கு வேலி போடுகிறது. பறவைகள் முட்டையிட்டு குஞ்சு வளர்க்கும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை யாரும் உள்ளே போகக்கூடாது. வெளியே நின்று கேட்கலாம். பாட்டு கேட்டதும் தலையைத் தூக்கித் தேடுங்கள். வெயிலில் கண் கூசும். பறவை கண்ணில் படக் கொஞ்ச நேரம் ஆகும்.

ஒரு மே மாதம் எங்கள் பந்து வேலிக்குள் விழுந்துவிட்டது. "அப்பா, ரெண்டே நிமிஷம், எடுத்துட்டு வந்துடறேன்" என்றாள் மகள். வேண்டாம் என்றேன். வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். செப்டம்பரில் வேலியை எடுத்த பிறகு போய்த் தேடினோம். பந்து அங்கேயேதான் கிடந்தது. காற்றுதான் இல்லை.